கொழுப்பு வீதம் அளக்கும்போது நாங்கள் விடுகிற தவறுகள்

"ஜிம் தராசு 22 வீதம் காட்டுது, இஞ்சி ரேப்பால அளந்தா 17 வருது, எது அண்ணா சரி?" என்று கம்பஸ் பெடியன் ஒருவன் கேட்டான். இரண்டுமே மதிப்பீடுதான். ஒரு முறையில் வந்த இலக்கத்தை இன்னொரு முறையில் வந்ததோடு ஒப்பிடுவதுதான் முதல் தவறு.

தராசு கொழுப்பை நேரே அளப்பதில்லை. காலுக்குள் மெல்லிய மின்சாரம் விட்டு, அதற்கு உடல் காட்டும் தடையை வைத்து நீரின் அளவைக் கணித்து, பிறகு வயது, உயரம், ஆணா பெண்ணா என்பது எல்லாம் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போடுகிறது. அதனால் துரையப்பா மைதானத்தில் பந்தடித்து வியர்த்து வந்தவுடனோ, வயிறு முட்டப் புட்டு சாப்பிட்ட பின்போ ஏறி நின்றால் இலக்கம் மாறும். அதுவும் காலால் மட்டும் அளக்கிற தராசில் மின்சாரம் ஒரு காலால் ஏறி மற்றக் காலால் இறங்கிவிடும், வயிற்றுப் பக்கம் அதற்குச் சரியாகத் தெரியாது. காலையில் எழும்பி, கழிப்பறை போய்வந்து, ஒன்றும் சாப்பிடாமல் அளவுங்கள், அடுத்த முறையும் அப்படியே.

தோல்மடிப்பை இடுக்கியால் அளப்பது பழகிய கைக்கு நல்ல முறை, ஆனால் இன்று ஒருவர், அடுத்த மாதம் வேறொருவர் என்று அளந்தால் பயனில்லை. இன்னொன்று, அந்த மடிப்பின் தடிப்பைக் கொழுப்பு வீதமாக மாற்ற இன்றும் பலர் பாவிக்கிற ஒரு சூத்திரம் 1974இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் 481 பேரை அளந்து எழுதியது. எங்கள் உடல்வாகு அவர்களுடையது இல்லையே.

எனக்கு உண்மையில் கவலை தருவது பிஎம்ஐதான், அதாவது கிலோவில் உள்ள எடையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் இலக்கம். 170 சென்ரிமீற்றர் உயரம், 70 கிலோ என்றால் 24.2 வரும், பொது அட்டவணையில் 25க்குக் கீழே, எனவே சாதாரணம் என்று பெடியள் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் அதே பிஎம்ஐயில் தெற்காசியருக்குக் கொழுப்பு பெரும்பாலும் கூட. அதனால்தான் ஆசியருக்கு 23இலிருந்தே கவனிக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எழுதியது. மறுபக்கம், பாரம் தூக்கித் தசை வளர்த்தவனை அதே பிஎம்ஐ குண்டன் என்றுவிடும்.

அளவு நாடா மலிவு, ஆனால் ஏமாற்றுவதும் அதில்தான் சுலபம், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டால் சரி! மூச்சைச் சாதாரணமாக விட்ட நிலையில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் வைத்து அளவுங்கள், காற்சட்டை கட்டுகிற இடத்தில் அல்ல. எங்கள் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் தாண்டினால், தராசு என்ன வீதம் காட்டினாலும் ஒருக்கால் டொக்டரிடம் போய்ச் சீனியையும் பிரஷரையும் பார்த்துவிடுங்கள்.