மலைத் தோட்டத்திற்கு மடக்கு ரம்பம்: எடையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

அறுவடை முடிந்து ஏற்காட்டுத் தோட்டங்களில் கவாத்து, அதாவது செடிகளின் கிளை கழிக்கும் வேலை, தொடங்கும் மாசி மாதத்தில், புதிதாகக் காப்பித் தோட்டம் நடத்த வந்தவர்கள் வாங்கி வரும் ரம்பங்களைப் பார்த்தால், எங்கள் தலைமுறை காசைக் கொட்டிக் கற்ற பாடத்தை இவர்களும் அதே விலைக்கு வாங்குகிறார்களே என்று தோன்றுகிறது. லேசான ரம்பம் வேண்டும் என்று நினைப்பதில் பிழை இல்லை. நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கத்துச் சரிவுகளில் வண்டி போகாத துண்டு நிலங்கள் ஏராளம். கொடுவாள், கவாத்துக் கத்தரி, தண்ணீர், சோற்றுத் தூக்கு ஆகியவற்றோடு ஏறி இறங்குகிற ஆளுக்கு இடுப்பில் தொங்கும் ஒவ்வொரு பொருளும் மாலைக்குள் இரண்டு மடங்கு கனத்துவிடும். அந்த லேசை எதைக் குறைத்துப் பெறுகிறோம் என்பதைத்தான் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டும். கையுறை போடுங்கள், துருப்பிடிக்க விடாதீர்கள் என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

கொம்பு அறுக்கும் பல்லைப் பச்சை மரத்தில் வைப்பது

இணையத்தில் 'லேசான ரம்பம்' என்று தேடினால் முதலில் வருபவற்றில் பல, அமெரிக்க மலைக்காடுகளில் மான் வேட்டைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. சாலையிலிருந்து வெகுதூரம் நடந்து போய், கொம்பை மட்டும் அறுத்து எடுத்து, இறைச்சியோடு முதுகில் சுமந்து திரும்புகிறவர்களுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்குத்தான். மான் கொம்பு என்பது எலும்பு. கெட்டியானது, மரத்தைப் போல நீண்ட நார் இல்லாதது. நெருக்கமான சிறு பற்கள் அதைச் சிறுகச் சிறுகச் சுரண்டும். தூளும் பொடியாக உதிர்ந்துவிடும். அந்த வேலைக்கு அது சரியான ரம்பமே. நம் நாட்டில் அந்த வேலையே கிடையாது என்பது வேறு செய்தி: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம் என்பதோடு, காட்டில் உதிர்ந்து கிடக்கும் கடமான் கொம்பைக்கூட வீட்டுக்கு எடுத்து வர முடியாது. ஆனாலும் எடையையும் நட்சத்திரக் குறிகளையும் பார்த்து அந்த ரம்பத்தையே இங்கே வாங்குகிறார்கள்.

அதைப் பச்சைக் காப்பித் தண்டில் வைத்தால் என்ன ஆகிறது என்பதை அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதல் பத்து இழுப்பு நன்றாகவே போகும். பிறகு ஈரத்தூள் பற்களுக்கு இடையிலுள்ள குழிகளில் மாவாக அப்பிக்கொள்ளும். குழி நிறைந்துவிட்டால் பல் நுனி மரத்தைத் தொடாது, தூளின் மேலேயே வழுக்கும். அறுப்பவர் அழுத்துவார், தண்டு சூடேறி, வெட்டு வாய் பிளேடைக் கவ்விக்கொள்ளும். பிடுங்குவதற்காகப் பக்கவாட்டில் ஆட்டுவார். மெல்லிய பிளேடு வளைந்துவிடும்.

போன பருவத்தில், பெங்களூரு வேலையை விட்டுவிட்டுத் தாத்தாவின் தோட்டத்தைப் பார்க்க வந்த ஒரு தம்பி, கிழட்டுச் செடிகளைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சாய்வாக அறுத்துப் புதுத் துளிர் விட வைப்பதற்காக இப்படிப்பட்ட ரம்பங்களை ஆளுக்கு ஒன்றாக வாங்கிக் கொடுத்திருந்தார். முற்பகலுக்குள் ஆட்கள் அவற்றை மடக்கிப் பையில் போட்டுவிட்டார்கள். பாதி அறுத்த தண்டுகளைக் கொடுவாளால் கொத்தினார்கள். சிலவற்றைக் காலால் மிதித்து ஒடித்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது, வெட்டின் ஒரு பக்கம் வழவழப்பாகவும், மறுபக்கம் பட்டை தரை வரைக்கும் உரிந்தும், நடுவில் தண்டு பிளந்தும் இருந்த கட்டைகள் வரிசை வரிசையாக நின்றன. "ஏன் பெரியவரே, சொல்லக் கூடாதா?" என்று கேட்டதற்கு, அங்கிருந்த மூத்த ஆள், "சின்ன ஐயா ஆசையா வாங்கியாந்தது, எப்படிங்க சொல்றது?" என்றார்.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் அடங்காத இடம் இதுதான். ரம்பத்தின் விலை ஒரு பொருட்டே அல்ல. ஓரடிக் கட்டையில்தான் புதுத் துளிர் வர வேண்டும். அதில் நல்லதாக ஒன்றிரண்டை விட்டு வளர்த்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் மறுபடி காய்க்கும். பட்டை உரிந்த பக்கத்தில் துளிர் வராது. பிளவில் மழைநீர் தங்கி அழுகல் இறங்கும். ஒழுங்காக அறுத்த கட்டையில் வெட்டு முகத்துக்குப் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லிப் பசை) பூசினால் போதும். பிளந்து நிற்கும் கட்டையில் எத்தனை கோட்டுப் பூசினாலும் உள்ளே போகாது. செடி செத்த இடத்தில் நாற்று நட்டால் அது காய்ப்புக்கு வரும்வரை அந்தக் குழியிலிருந்து ஒரு பைசா வராது. நூறு கிராம் மிச்சப்படுத்தியதற்குக் கொடுத்த விலை இது.

பச்சை மரத்துக்கு அங்குலத்துக்கு ஆறு ஏழு பற்கள் இருந்தால் போதும். பற்களுக்கு இடையே ஆழமான குழி வேண்டும். கடையில் எடுத்துப் பார்க்கும்போது கூர்மையைத் தடவிப் பார்ப்பதைவிட அந்தக் குழியைப் பாருங்கள். இழுக்கும்போது வெட்டும்படி பல் கைப்பிடியை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இழுவையில் பிளேடு விறைத்து நிற்பதால் அதை மெல்லியதாகச் செய்ய முடிகிறது, எடையும் குறைகிறது. லேசு வர வேண்டிய வழி அதுதான், பிளேடை நறுக்கிக் குட்டையாக்குவது அல்ல.

பைக்குள் அடங்க வேண்டும் என்று நீளத்தைக் குறைப்பது

அறுக்கப் போகும் தண்டின் பருமனைப் போல இரண்டு மடங்காவது பிளேடின் நீளம் இருந்தால்தான் இழுப்புக்கு இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் தூள் வெட்டு வாயை விட்டு வெளியேறாது. வெளிநாட்டு ரம்பங்களில் பலரும் அறிந்த பாஹ்கோ லாப்லாண்டரின் பிளேடு 190 மில்லிமீட்டர். பக்கக் கிளைகளுக்கும் நடுத்தரத் தண்டுக்கும் அது போதும். கிழட்டுச் செடிகளின் அடித்தண்டுக்கு 240 மில்லிமீட்டர் அளவில் வாங்குவதே நல்லது. மடக்கினால் அதுவும் இடுப்பு உறையில் அடங்கும்.

மரம் ஏறுபவரிடமும் மடக்கு ரம்பத்தைக் கொடுப்பது

காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க ஏறுகிறவருக்கு ஒரு கை மரத்தைப் பிடிப்பதற்கே போய்விடும். மீதியுள்ள ஒரு கையால் பொத்தானை அழுத்தி, பிளேடை விரித்து, வேலை முடிந்ததும் மறுபடி மடக்குவது நடக்கிற காரியம் அல்ல. அவருக்கு உறையோடு கூடிய, மடங்காத வளைந்த ரம்பமே வேண்டும். சில்வர் ஓக் கிளை முறுகலானது. மேலிருந்து மட்டும் அறுத்தால் பாதியிலேயே முறிந்து, பட்டையை உரித்துக்கொண்டு இறங்கும், அதோடு மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியும் போகும். முதலில் அடியில் கொஞ்சம், பிறகு சற்று வெளியே தள்ளி மேலிருந்து, கடைசியில் கிளை மரத்தோடு சேரும் புடைப்பை ஒட்டி அதைக் காயப்படுத்தாமல் என்று மூன்று வெட்டாக அறுக்கச் சொல்லுங்கள்.

தளர்ந்த பூட்டு

விரித்த பிளேடை நிறுத்திப் பிடிக்கும் பூட்டு ஆடினால், அறுக்கும்போதே பிளேடு மடங்கி விரல் போகும்.

பச்சை நிறக் கைப்பிடி

புதரில் விழுந்தால் தேட முடியாது. சிவப்போ ஆரஞ்சோ வாங்குங்கள்.

மழுங்கினால் அரம் போட்டுக்கொள்ளலாம் என்று நம்புவது

கஞ்சமலை இரும்பால் பேர்பெற்ற சேலத்தில், கொடுவாளைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்துப் புதிதாக்கித் தரும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அந்தப் பழக்கத்தில் ரம்பத்தையும் அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இன்றைய மடக்கு ரம்பங்கள் பெரும்பாலானவற்றில் பல் நுனிகளை மட்டும் நொடிப்பொழுதில் சூடேற்றிக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். நுனியில் தெரியும் நீலம் கலந்த கறுப்புதான் அதன் அடையாளம். அவற்றின் மேல் அரம் வழுக்கிக்கொண்டு போகும், பிடிக்காது. நெருப்பில் காட்டினாலோ அந்தக் கெட்டித் தன்மையே போய்விடும்.

மழுங்கியதாகக் கொண்டு வருகிற ரம்பங்களில் பல உண்மையில் மழுங்கியவையும் அல்ல. காய்ந்த சாறும் தூளும் பல்லில் ஏறியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பல் குழிகளைத் துடைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அப்போதும் வெட்டாவிட்டால் பிளேடை மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஆகையால் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், அதே மாதிரிக்கு மாற்று பிளேடு தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் கேட்டு, ரம்பத்தோடு சேர்த்தே ஒன்றை வாங்கிவிடுங்கள். பருவத்தின் நடுவில் அதற்காக இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போக யாருக்கும் நேரம் இருக்காது.