ரோப் கிளட்ச்சில் லேபிள் நிற்கவே இல்லை

எங்கள் பாய்மரப் படகில், உட்கார்ந்து ஓட்டும் இடமான காக்பிட்டுக்கு முன்னால் ஆறு ரோப் கிளட்ச்கள் வரிசையாக இருக்கின்றன. கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் லீவர்கள். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி. லேபிள் உதிர்ந்துபோன ஒரு மாலையில், ஜிப் ஹேலியார்டு (முன்பாயை ஏற்றும் கயிறு) என்று நினைத்து மெயின் ஹேலியார்டை (பெரிய பாயை ஏற்றும் கயிறு) திறந்துவிட்டேன். பெரிய பாய் சரசரவென்று கீழே வந்தது.

முதலில் பெர்மனன்ட் மார்க்கர். வெயிலில் வெளுத்தது. மேலே வார்னிஷ் அடித்தேன், எழுத்தே கரைந்து ஓடியது. அப்புறம் லேமினேட் செய்த லேபிள் டேப். மூன்றே வாரத்தில் மூலைகள் சுருண்டன.

வெயில்தான் காரணம் என்று நம்பினேன். ஆனால் ஸ்ப்ரேஹூட் (அலைத் தெறிப்பைத் தடுக்கும் துணிக்கூரை) நிழலில் இருந்த கிளட்ச்சிலும் உரிந்தது. கேபினுக்குள் ஸ்விட்ச் பேனலில் ஒட்டிய அதே டேப்போ அசையவில்லை. உரிந்த டேப்பின் பசைப் பக்கத்தைத் தொட்டால் வழவழப்பு. லீவர் இறுகாமலிருக்க நானே அடித்த சிலிகான் ஸ்ப்ரே!

சோப்புத் தண்ணீரில் கழுவி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். ஒவ்வொரு முறையும் புதுத் துணி. பழையதால் துடைத்தால் சிலிகான் இடம்தான் மாறும். நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மறுபடி ஆல்கஹால். கூடுதல் பசையுள்ள டேப் வாங்கி, நகவெட்டியால் நான்கு மூலைகளையும் வளைவாக வெட்டினேன். கயிறு உரசிக் கிளப்புவது கூரான மூலையைத்தான். அழுத்தி ஒட்டி, 24 மணி நேரம் தண்ணீர் படவிடவில்லை.

இரண்டு சீசன் ஆகிவிட்டது, ஒன்றும் உரியவில்லை. சிலிகானை இப்போது துணியில் நனைத்து லீவர் சுழலும் அச்சில் மட்டும் தொட்டு வைக்கிறேன்.