பழைய டென்னிஸ் மட்டை சேகரிப்பது எப்படி: டர்பன் பக்கம் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

டர்பன் வட்டாரத்தில் பழைய மர மட்டை கிடைப்பது கடினமே இல்லை. சாட்ஸ்வொர்த், வெருலம், டொங்காட் வீடுகளில் அலமாரிக்கு மேலேயோ கராஜ் மூலையிலோ ஒன்றிரண்டு கிடக்கும். கோணாமல், உளுக்காமல் இருக்கும் மட்டைதான் அரிது. யார் கையில் இருந்தது, எந்த மைதானத்தில் ஆடியது என்று சொல்ல ஆள் இருக்கும் மட்டை அதைவிட அரிது. அப்படி ஒன்று கையில் கிடைத்ததும் ஆர்வத்தில் தேய்த்து, வார்னிஷ் பூசி, பிடித்தோலைக் கிழித்து மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலான நல்ல மட்டைகள் பாழாவது இந்த முதல் வாரத்தில்தான். கீழே உள்ள படிகள் எல்லாம் அதைத் தடுப்பதற்காகவே.

படி 1: எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் ஆறு மாதத்தில் வீட்டில் இடம் இருக்காது. ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்துக்கு ஏற்றவை மூன்று.

முதலாவது, ஒரே மாடலின் பல காலத்து வடிவங்கள். டன்லப் மேக்ஸ்பிளை இதற்கு மிகப் பொருத்தம். 1931-இல் வந்து அரை நூற்றாண்டு விற்ற மட்டை அது. ராட் லேவர் ஆடியதும் அதில்தான், 1981-இல் மெக்கன்ரோ விம்பிள்டன் வென்றதும் அதில்தான். இங்கே எளிதாகவும் கிடைக்கும்.

இரண்டாவது, மரம் ஒழிந்து உலோகமும் கிராஃபைட்டும் வந்த இருபது ஆண்டுகள். வில்சன் டி2000 எஃகு மட்டை 1967-இல் விற்பனைக்கு வந்தது. வடிவமைத்தவர் பிரெஞ்சு வீரர் ரெனே லகோஸ்ட். 1976-இல் ஹோவர்ட் ஹெட் வடிவமைத்த பெரிய தலை பிரின்ஸ் மட்டை வந்தது. 1983-இல் யானிக் நோவா பிரெஞ்சு ஓப்பனை மர மட்டையால் வென்றார். ஆண்கள் பிரிவில் கிராண்ட்ஸ்லாம் வென்ற கடைசி மர மட்டை அது. 1987-க்குப் பின் விம்பிள்டனில் மரமே இல்லை.

மூன்றாவதுதான் எங்கள் பார்வையில் தென்னாப்பிரிக்கச் சேகரிப்பாளருக்கு மட்டும் வாய்த்தது: நிறவெறிக் காலத்தில் நம்மவர் ஆடிய மட்டைகள். நிறப் பாகுபாடு பார்க்காத டென்னிஸ் சங்கம் தனியாக இயங்கிய காலம் அது. 1971-இல் அந்தச் சங்கம் ஜஸ்மத் திராஜ் தலைமையில் ஆறு இளைஞர்களை ஐரோப்பாவுக்கு ஆட அனுப்பியது. 1973-இல் கறுப்பின அமெரிக்க வீரர் ஆர்தர் ஆஷ் ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் ஆடினார். ஒற்றையர் இறுதியில் ஜிம்மி கானர்ஸிடம் தோற்றார், டாம் ஓக்கருடன் இரட்டையர் பட்டம் வென்றார். ஆஷ் பெயரில் ஹெட் கம்பெனி வெளியிட்ட மட்டை இங்கே தென்பட்டால் எடுத்து வையுங்கள். ஆனால் இந்த மூன்றாம் வகையில் கம்பெனி பெயருக்கு மதிப்பில்லை. சாதாரண மட்டையின் பிடியில் பேனாவால் எழுதிய பெயருக்குத்தான் மதிப்பு.

படி 2: பையில் என்ன வேண்டும்

அளவு நாடா, சிறிய டார்ச், பத்து மடங்கு காட்டும் பூதக்கண்ணாடி, சமையலறைத் தராசு, கைபேசி. இவை போதும்.

தேட வேண்டிய இடங்கள்: ஹாஸ்பிஸ், எஸ்பிசிஏ போன்ற தொண்டு அமைப்புகளின் பழைய பொருள் கடைகள், பள்ளி மைதானங்களில் நடக்கும் கார் பூட் விற்பனை, வீடு காலிசெய்யும் ஏலங்கள். கேப்டவுன் போனால் வார இறுதி மில்னர்டன் சந்தை. இணையத்தில் கம்ட்ரீ, பாப் ஷாப். எல்லாவற்றுக்கும் முன்னால் சொந்தபந்தங்களின் வீடு. நிறவெறிச் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்து 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தப்பட்ட குடும்பங்கள் கையோடு கொண்டுவந்த பொருள் கொஞ்சம்தான். அதில் ஒரு மட்டை இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும், கேளுங்கள்.

இங்கிலாந்திலிருந்து தருவித்தால் தபால் செலவோடு 15 விழுக்காடு வாட் வரியையும் சுங்கக் கட்டணத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை மட்டைக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

படி 3: காலத்தைக் கணிப்பது

பெயர் தேய்ந்திருந்தாலும் வடிவம் பேசும். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் 1870, 80-களின் வடிவம். மேல்விளிம்பு வட்டமாக இல்லாமல் தட்டையாக இருந்தால் 1880-களின் பாணி. பிடியின் அடி மீன்வால் போல விரிந்திருந்தால் 1890-களிலிருந்து முதல் உலகப் போர் வரை. தலைக்கும் தண்டுக்கும் நடுவே கழுத்தில் செருகியிருக்கும் ஆப்புக்கட்டையைப் பாருங்கள். அதன் மேல்பக்கம் தலைக்குள் புடைத்து நின்றால் பழையது, உள்வாங்கி வட்டத்தோடு இசைந்து போனால் பிந்தியது.

அடுத்து ஃபிரேமின் பக்கவாட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே பட்டை ஆஷ் (ash) என்ற மரத்தை நீராவியில் வளைத்துச் செய்தவை முந்தியவை. பல மெல்லிய அடுக்குகளைப் பசையால் ஒட்டிச் செய்தவை 1930-களிலிருந்து பரவின. அடுக்குகளை எண்ணி எழுதிவையுங்கள். பிடியில் தோல் சுற்றாமல், வெறும் மரத்தில் வரிவரியாகக் கீறியிருந்தால் அநேகமாக 1930-களுக்கு முந்தையது.

முத்திரையையும் விடாதீர்கள். சியால்கோட் என்ற ஊர்ப்பெயரும் இந்தியா என்ற பெயரும் சேர்ந்திருந்தால் 1947-க்கு முந்திய மட்டை. அதன்பின் அந்த ஊர் பாகிஸ்தானில் இருக்கிறது. பிடிக்கு மேலே எல் அல்லது எம் என்ற ஆங்கில எழுத்தும் 4½ போன்ற எண்ணும் இருந்தால், எழுத்து எடையைச் சொல்கிறது, லைட் அல்லது மீடியம். எண் பிடியின் சுற்றளவு, அங்குலத்தில்.

விலை அதிகமாகச் சொல்லப்படும் "நூறு வருட" மட்டைகளில் திருகாணியைப் பாருங்கள். கூட்டல் குறி போட்ட திருகாணி 1930-களில்தான் வந்தது. சாய்ந்த தலை மட்டையில் அது இருந்தால், அலங்காரத்துக்காகச் செய்த புதுப்பொருள், அல்லது யாரோ பழுதுபார்த்திருக்கிறார்கள்.

இன்னொரு ஏமாற்றம், கையெழுத்து. ஜாக் கிரேமர், கிறிஸ் எவர்ட் என்று ஃபிரேமில் இருக்கும் கையெழுத்து தொழிற்சாலையில் அச்சிட்டது. ஒரே மாதிரி ஆயிரக்கணக்கான மட்டைகளில் இருக்கும். அந்த வீரரே கையெழுத்திட்டது என்று விற்பவர் நம்பிச் சொன்னாலும் அதற்காக ஒரு ராண்ட்கூடக் கூட்டித் தராதீர்கள்.

படி 4: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கோணல்: பிடியின் அடிப்பாகத்தைக் கண்ணருகே வைத்து, தச்சர் பலகையை நோட்டம் பார்ப்பதுபோல் நீளவாக்கில் பாருங்கள். பிறகு தட்டையான மேசையில் படுக்க வைத்து, தலையை ஒரு விரலால் நாலு இடத்தில் தட்டுங்கள். ஆடினால் முறுக்கு இருக்கிறது. இடைவெளி 5 மி.மீ.க்கு மேல் போனால், மிக அரிய மட்டையாக இருந்தால் தவிர விட்டுவிடுங்கள். ஆவி பிடித்து நிமிர்த்தலாம் என்று யோசனை சொல்வார்கள். பழைய அடுக்குகளை ஒட்டிய விலங்குப் பசை சூட்டிலும் ஈரத்திலும் இளகும். மட்டை நிமிராது, பிரிந்துபோகும்.

விரிசல்: தலை தண்டோடு சேரும் இரண்டு தோள்களிலும், உச்சியில் நரம்புத் துளைகளுக்கு நடுவிலும் வரும். நகத்தை ஓட்டினால் தட்டும். வார்னிஷ் மட்டும் வெடித்திருந்தால் பயமில்லை. கோடு மர ரேகையோடு உள்ளே இறங்கினால்தான் விரிசல்.

உளு: 1 முதல் 2 மி.மீ. வட்டத் துளைகள். துளை பழையதாக இருக்கலாம். வெள்ளைத்தாள் மேல் மட்டையைத் தட்டுங்கள். மாவு போல வெளிர்தூள் உதிர்ந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. ஆஷ் மரம் வண்டுக்கு மிகவும் பிடித்த மரம். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், வீட்டுக்குள் கொண்டுபோகுமுன் பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, டீப் ஃப்ரீசரில் −18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக்கூடாது. திறந்தால் குளிர்ந்த மரத்தின்மேல் நீர் கோர்க்கும்.

அளவும் எடையும்: மர மட்டையின் நீளம் வழக்கமாக 68.6 செ.மீ., தலையின் உள்ளகலம் 20 செ.மீ. அளவு, எடை 370 முதல் 400 கிராம். எடை மிகவும் குறைந்தால் அது சிறுவர் மட்டையாகவோ பூப்பந்து மட்டையாகவோ இருக்கும்.

எஃகு டி2000-இல் நரம்பைத் தாங்குவது ஃபிரேமைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள். அது ஓரிடத்தில் அறுந்திருந்தாலும் சரிசெய்ய ஆள் கிடைக்காது. கடற்கரை ஊர் என்பதால் குரோம் பூச்சுக்கு அடியில் உப்புத்துரு பிடித்திருக்கும். கழுத்துப் பகுதியை நன்றாகப் பாருங்கள்.

விலைக்கு எங்கள் அளவுகோல் இது: 1960, 70-களின் சாதாரண மேக்ஸ்பிளைக்கும் ஜாக் கிரேமர் பெயர் போட்ட மட்டைக்கும் ஒன்றிரண்டு டப்பா டென்னிஸ் பந்தின் விலைக்குமேல் தர வேண்டாம். அடுத்த மாதம் இன்னொன்று வரும்.

படி 5: சுத்தம் செய்யுமுன் பதிவு

இதைத் தள்ளிப்போடாதீர்கள். முன், பின், பக்கவாட்டு, பிடியின் அடி, முத்திரை என்று குறைந்தது ஆறு படம். ஒரு அட்டையில் நீளம், எடை, அடுக்குகளின் எண்ணிக்கை, எழுத்துகள், வாங்கிய இடம், நாள், விலை. கொடுத்தவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்: "தாத்தா சனிக்கிழமை மட்டும் ஆடுவார்" என்றால் அப்படியே. பெரியவர் உயிரோடு இருந்தால், அவர் மட்டையோடு நிற்கும் பழைய படம் இருக்கிறதா என்று கேட்டு, அதன் நகலைக் கைபேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். பிடியில் எழுதிய பெயர், கிளப் முத்திரை, பசைத்தாள், மட்டையுறையில் ஒட்டிய ரசீது எதையும் நீக்காதீர்கள். அழுக்கைப் பிறகும் துடைக்கலாம். இந்த விவரம் போனால் திரும்பி வராது.

படி 6: சுத்தம்

மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பூஞ்சை இருந்தால் வீட்டுக்கு வெளியே, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு. பிறகு ஒரு கோப்பை நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பருத்தித் துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து, தண்டின் அடியில் ஒரு சிறு இடத்தில் முதலில் துடைத்துப் பாருங்கள். துணியில் பெயிண்ட் நிறம் வந்தால் நிறுத்திவிடுங்கள். ஒட்டுப்படமாக ஒட்டிய எழுத்துகளின் மேல் நீர் படவே கூடாது. அவற்றைச் சுற்றி மட்டும் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் பிடி காய்ந்து கிடப்பதைப் பார்த்தால் நம் கை முதலில் எண்ணெய்க்குத்தான் போகும். அது சிக்குப் பிடிக்கும், டர்பன் கோடையில் பூஞ்சையை வளர்க்கும், தோலைக் கறுக்கவைக்கும். சிவப்புத் தூளாக உதிரும் தோலைத் தொடாமல் பருத்தித் துணியால் சுற்றி வைத்தாலே போதும். மணல்தாள், புது வார்னிஷ், பெயிண்ட் மூன்றும் விலக்கு.

படி 7: நரம்பு

நரம்பு முழுதாக இருந்தால் கைவைக்காதீர்கள். உச்சியிலும் கழுத்தருகிலும் சிவப்பு, பச்சை என்று மெல்லிய அலங்கார நரம்பு பின்னியிருந்தால் அது தனிச் சொத்து. இன்று அப்படிப் பின்னித் தர ஆள் கிடைப்பது அரிது.

ஒரு நரம்பு அறுந்திருந்தால் நிலைமை வேறு. ஃபிரேம் ஒரு பக்கம் இழுபடும், நாளடைவில் கோணும். மிச்சத்தை வெட்டிவிடுவதே நல்லது. மட்டையைக் கோணாமல் பிடித்துவைக்கும் மர இறுக்குச் சட்டத்தில் வைத்து, கண்ணாடி அணிந்துகொண்டு, நடுவிலிருந்து தொடங்குங்கள்: ஒரு நெடுக்கு, ஒரு குறுக்கு, அடுத்த நெடுக்கு, அடுத்த குறுக்கு என்று மாறிமாறி வெளியே வாருங்கள். நெடுக்கை எல்லாம் முதலில் வெட்டினால் குறுக்கின் இழுப்பில் தலை நீண்டு கோணும்.

மீண்டும் கட்டுவதென்றால் செயற்கை நரம்பு, 40 முதல் 45 பவுண்டு இழுப்பு. பாலியெஸ்டர் கூடாது, விறைப்பு அதிகம், பழைய மரம் தாங்காது. மர மட்டை கட்டிய அனுபவம் உண்டா என்று கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள்.

படி 8: வைக்கும் இடம்

விரலால் திருகும் நாலு சிறகு நட்டுப் போட்ட அந்த இறுக்குச் சட்டத்தோடு மட்டை கிடைத்தால் இரட்டை மகிழ்ச்சி. ஆனால் நட்டுகளைக் குறுக்கு மூலைகளாக, கொஞ்சம் கொஞ்சமாக, விரல் பலத்தில் மட்டும் இறுக்குங்கள். ஒரு மூலையை மட்டும் முடுக்கிய சட்டமே பல மட்டைகளைக் கோணலாக்கியிருக்கிறது.

ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு நல்லது. டர்பன் கோடையில் அது எளிதாக 75-ஐத் தாண்டும். ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தில் மரம் வெடிக்கும் அளவுக்குக் காயும். அதனால் அங்கே வாங்கிய மட்டையை இங்கே கொண்டுவந்தால் சில வாரம் துணியில் சுற்றி, மெதுவாகப் பழகவிடுங்கள். சின்ன ஈரமானி ஒன்று வாங்கி அலமாரிக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் பூஞ்சை உறுதி. கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டியே சிறந்த உறை. கஞ்சி இருந்தால் வெள்ளிப்பூச்சி வரும்.

கூரைக்கடியில் கீசர் பக்கம், கார் பின்பெட்டி, வெயில் விழும் சுவர் வேண்டாம். சாமி அறைச் சுவரில் மாட்டினால் சாம்பிராணிப் புகையும் விளக்குக் கரியும் பிசுக்காகப் படியும். சுவரில் சாய்த்து வைப்பதும் தவறு, மாதக்கணக்கில் நின்றால் வளையும். படுக்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் வையுங்கள். மாட்டுவதென்றால் தலையின் உச்சியை இரண்டு அகலமான மரக்கொக்கிகள் தாங்கட்டும், நரம்பில் மாட்டாதீர்கள். மழைக்காலம் தொடங்கும்போது ஒன்று, முடியும்போது ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வெள்ளைத்தாள் சோதனையை மறுபடி செய்து, அட்டையில் தேதி போடுங்கள்.