மூன்றாம் நாள் பச்சையை நம்பாதீர்கள்: ஏ/பி சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஓடிவந்தான். "அண்ணா, ஜெயிச்சிட்டோம்! நிறுத்திடலாமா?" சோதனை தொடங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவன் முகத்தில் என் பழைய முகம் தெரிந்தது. ஏ/பி சோதனை என்றால் பயனர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய பக்கத்தையும் மறு பாதிக்குப் புதியதையும் காட்டி, எது ஜெயிக்கிறது என்று பார்ப்பது. அரிச்சுவடியை இதோடு விட்டுவிடுகிறேன்.

எட்டிப் பார்த்துப் பாதியில் நிறுத்துவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருகிற தவறு இது. சில வருடங்களுக்கு முன் ஒரு செயலியில் "பணம் செலுத்து" என்ற பட்டனை "ஆர்டரை உறுதி செய்" என்று மாற்றினேன். தினமும் காலையில் காபியும் டேஷ்போர்டும். புதியது தெளிவாக முந்தினால் அதில் பச்சை எரியும், பின்தங்கினால் சிவப்பு. முதல் நாள் சிவப்பு, இரண்டாம் நாள் ஒன்றுமில்லை, மூன்றாம் நாள் பச்சை. உடனே நிறுத்தினேன், மேலாளருக்கு மெயில் போட்டேன், கைதட்டலும் வாங்கினேன். எல்லோருக்கும் புதிய பட்டனைத் திறந்துவிட்டு இரண்டு மாதம் ஆகியும் விற்பனை இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குள் என் பேச்சை நம்பி இன்னும் மூன்று பக்கங்களை அதே பாணியில் மாற்றியிருந்தார்கள்.

வித்தியாசமே இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டுவதற்கு வழக்கமாக ஒப்புக்கொள்ளும் 5 சதவீதத் தவறு வாய்ப்பு என்பது, முடிவைக் கடைசியில் ஒரே ஒரு முறை பார்த்தால்தான். வித்தியாசமே இல்லாத இரண்டு பக்கங்களை சம இடைவெளியில் ஐந்து முறை பார்த்து, பச்சை வந்ததும் நிறுத்தினால் பொய் வெற்றிக்கான வாய்ப்பு சுமார் 14 சதவீதம். பத்து முறை பார்த்தால் 19. புள்ளியியலாளர்கள் இதை 1969-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். தாயம் விழும்வரை கட்டையை உருட்டிவிட்டு, "பார், எனக்குக் கைராசி" என்பது மாதிரிதான். சந்தேகமா? ஒரே பக்கத்தையே இரண்டு குழுவுக்கும் காட்டிப் பல தடவை ஓட்டிப் பாருங்கள். சில தடவை பச்சை எரியும்.

எத்தனை பேர் வேண்டும் என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். நூற்றுக்கு 5 பேர் வாங்கும் பக்கம் 5.5-க்கு உயர்ந்தால், பத்துக்கு எட்டு முறையாவது அது கண்ணில் பட, குழுவுக்குச் சுமார் 30,000 பேர் தேவை. தினம் 2,000 பேர் வரும் செயலி என்றால் ஒரு மாதம். நடுவில் பார்த்தே ஆக வேண்டுமா? அதற்கென்றே தொடர் சோதனை முறைகள் உண்டு; பலமுறை பார்ப்பதற்கு ஈடாக, பச்சை எரிவதற்கான வரம்பை வழக்கத்தைவிட உயர்த்தி வைப்பார்கள்.

சம்பள வாரத்தை மட்டும் அளப்பது

இரண்டு குழுவுக்கும் அதே வாரம்தானே என்பீர்கள். சரி, ஆனால் 2-ஆம் தேதி, கையில் சம்பளம் இருக்கும்போது ஆளை அசைக்கும் சலுகை, பர்ஸ் காலியான 25-ஆம் தேதி அசைக்காமல் போகலாம்.

படித்ததை அப்படியே ஒட்டுவது

வகைகள் கூடினால் வாங்குவது குறையுமா என்று கடையில் ஜாம் பாட்டில்களை வைத்துப் பார்த்த, 2000-இல் வெளியான ஜாம் ஆய்வைச் சொல்லாத பயிற்சி வகுப்பே இல்லை. 24 வகை வைத்தபோது, நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் வாங்கினார்கள்; 6 வகை வைத்தபோது 30 சதவீதம். ஆனால் 2010-இல் இதே மாதிரி 50 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். இதைச் சொல்லும் வகுப்பை நான் அதிகம் பார்த்ததில்லை. உங்கள் பயனர்களிடமே சோதித்துப் பாருங்கள்.

ஒரே சோதனையில் ஐந்து மாற்றம்

வேண்டாம். எது வேலை செய்தது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.