ஸ்டென்ட் வைத்த இடத்தில் மறுபடி அடைப்பு: இன்னொன்று வைப்பதற்கு முன்

பெங்களூரில் அரசு இதய மருத்துவமனையான ஜெயதேவாவுக்குப் போனாலும் தனியார் மருத்துவமனைக்குப் போனாலும், வீட்டுப் பெரியவருடன் மூன்றைக் கொண்டு போங்கள்: பழைய ஆஞ்சியோ பதிவான சிடி தட்டு, ஸ்டென்ட்டின் (இதய ரத்தக் குழாயை விரித்து வைக்கும் வலைக் குழல்) அளவும் தேதியும் உள்ள அட்டை, இப்போது சாப்பிடும் மாத்திரைகள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது.

முதல் கேள்வி: அடைப்பு பழைய ஸ்டென்ட்டுக்குள்ளா, புது இடத்திலா? உள்ளே என்றால், ஏன் என்று கேளுங்கள். அதை ஆஞ்சியோ முழுசாகக் காட்டாது. குழாய்க்குள்ளிருந்தே படம் எடுக்கும் ஐவஸ் அல்லது ஓசிடி வேண்டும். ஓசிடிக்குச் சாய மருந்து கூடுதலாகச் செலவாகும். கிரியேட்டினின் ஏறியிருப்பவருக்கு, அதாவது சிறுநீரகம் பலவீனமானவருக்கு, ஐவஸ்தான் நல்லது.

ஸ்டென்ட் அன்றே சரியாக விரியாமல் போயிருந்தால், உயர் அழுத்த பலூன். சுற்றிலும் சுண்ணாம்பு கெட்டிப்பட்டிருந்தால் அதிர்வலையால் உடைக்கலாம். விரிக்காமலே உள்ளே இன்னொரு ஸ்டென்ட் வைத்தால் இரண்டும் சேர்ந்து குறுகியே நிற்கும். இரட்டைச் செலவு, அதே தொந்தரவு. நன்றாக விரிந்த ஸ்டென்ட்டுக்குள் சதை வளர்ந்திருந்தால் மருந்து பூசிய பலூன் அல்லது புது மருந்து ஸ்டென்ட். ஏற்கெனவே இரண்டு அடுக்கு இருந்தால் பலூன் பக்கமே சாயலாம்: மருந்தைச் சுவரில் தடவிவிட்டு வெளியே வந்துவிடும், உலோகம் சேராது.

சர்க்கரையோடு மூன்று குழாயிலும் அடைப்பு, அல்லது இடது பிரதானக் குழாயில் அடைப்பு என்றால் பைபாஸ் பற்றிப் பேசியே ஆக வேண்டும். வயதை மட்டும் வைத்து மறுக்க வேண்டாம். சிறுநீரகம், நுரையீரல், நடக்கும் தெம்பு, ஞாபகம் இவைதான் கணக்கு. வேகமாக நடந்தால் மட்டும் வலி, அதுவும் மாத்திரைக்கு அடங்குகிறது என்றால், எண்பதைத் தாண்டியவருக்கு மருந்தோடு நிறுத்திக்கொள்வதும் சரியான சிகிச்சையே.

ஒப்புதல் படிவம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழில் விளக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஸ்டென்ட் வைத்த பிறகு, ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரல் அல்லது டிகாக்ரெலர்: வழக்கமாக 6 மாதம், மாரடைப்புக்குப் பின் 12 மாதம், ரத்தக்கசிவு பயம் இருந்தால் டாக்டர் குறைப்பார். பல் பிடுங்கப் போகிறோம் என்று நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட்டில் ரத்தம் உறையலாம். வயிற்று அமிலத்துக்கு மாத்திரை வேண்டுமென்றால், க்ளோபிடோக்ரலோடு ஒமிப்ரசோல் வேண்டாம், பான்டோப்ரசோல் கேளுங்கள். எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 55க்குக் கீழே வர வேண்டும். ஸ்டாடின் போதவில்லை என்றால் எஸெடிமைப் 10 மி.கி. சேர்ப்பார்கள்.

நெஞ்சு வலித்தால், அவரை உட்கார வைத்து, டாக்டர் எழுதித் தந்திருக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வையுங்கள். நின்றபடி வைத்தால் பிரஷர் இறங்கி விழுந்துவிடலாம். 5 நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. சர்க்கரைக்காரருக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் வியர்வையும் மட்டும் வரலாம், அப்போதும் 108தான்.