கேமரா ரெக்கார்டர் ‘ஆஃப்லைன்’ காட்டினால் செய்யக்கூடாத தவறுகள்

போனில் கண்காணிப்பு கேமராவின் ஆப்பைத் திறந்தால் ‘டிவைஸ் ஆஃப்லைன்’ என்று வருகிறது. பலரும் முதலில் ரெக்கார்டரின் பிளக்கைப் பிடுங்கி மாட்டுவார்கள். அதில் சரியாகாவிட்டால் ஃபேக்டரி ரீசெட் அடித்துவிடுவார்கள். இந்த ரீசெட்தான் பத்து நிமிடக் கோளாறை ஒரு நாள் வேலையாக்குகிறது. ஐபி அமைப்பு, கேமராப் பட்டியல், ஒவ்வொரு கேமராவின் பாஸ்வேர்ட், அசைவு கண்டறியும் பகுதிகள், பயனர் கணக்குகள் எல்லாம் போய்விடும். பதிவுகள் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்கில் அப்படியே இருக்கும். ஆனால் மறு அமைப்பின்போது ‘டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா’ என்ற கேள்விக்கு அவசரத்தில் ஓகே அழுத்தினால் அவையும் போச்சு. ரீசெட் தேவைப்படுவது மிக அரிது. தேவைப்பட்டாலும் முதலில் அமைப்புகளை பென் டிரைவில் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். நெட்வொர்க் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு, எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பார்க்காமலே அமைப்புகளை மாற்றுவது. படம் கேமராவிலிருந்து ரெக்கார்டருக்கு வருகிறது, ரெக்கார்டரிலிருந்து ரவுட்டருக்குப் போகிறது, அங்கிருந்து வெளியுலகத்துக்குப் போகிறது. இந்த மூன்றில் எது அறுந்தது என்று தெரிந்துகொள்ளச் சில நிமிடங்கள் போதும். ரெக்கார்டரோடு இணைந்த மானிட்டரில் படம் தெரிகிறதா? தெரிந்தால் கேமராக்களைத் தொடவே வேண்டாம். அதே ரவுட்டரின் வைஃபையில் இருக்கும் லேப்டாப்பில் ரெக்கார்டரின் ஐபி முகவரியை பிரவுசரில் அடித்தால் லாகின் பக்கம் வருகிறதா? வந்தால் ரெக்கார்டருக்கும் ரவுட்டருக்கும் இடையில் பிரச்சினை இல்லை. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஆப் திறக்கிறதா? இது மட்டும் தோற்றால் கோளாறு கேட்வேயிலோ (வெளியே போகும் வழியாக ரெக்கார்டரில் கொடுக்கும் ரவுட்டர் முகவரி), டிஎன்எஸ்ஸிலோ (இணையப் பெயர்களை எண் முகவரியாக மாற்றும் சேவை), இணையச் சேவையிலோ இருக்கிறது.

கோஆக்சியல் கேபிள் (டிவி கேபிள் போன்ற உருண்டைக் கேபிள்) போட்ட டிவிஆர் வகை ரெக்கார்டர் என்றால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அந்த கேமராக்களுக்கும் ரவுட்டருக்கும் சம்பந்தமே இல்லை. மானிட்டரிலேயே படம் வரவில்லையென்றால் பார்க்க வேண்டியது பவர் அடாப்டரையும் கேபிள் முனையில் இருக்கும் பிஎன்சி கனெக்டரையும்தான்.

ஐபி முகவரியில் நடக்கும் கூத்து

ரவுட்டரை மாற்றிய மறுநாள் கேமரா ஆப் வேலை செய்யாமல் போவது மிகச் சாதாரணம். பழைய ரவுட்டரின் முகவரி 192.168.1.1 ஆக இருந்திருக்கும், புதியது 192.168.0.1 ஆக இருக்கும். ரெக்கார்டரில் 192.168.1.108 என்று நிலையாகப் போட்டு வைத்திருந்தால், சப்நெட் மாஸ்க் 255.255.255.0 இருக்கும்போது (முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பொருள்) மூன்றாவது எண் ஒத்துப்போகாது. கேபிள் சரி, லைட்டும் எரிகிறது, ஆனால் இரண்டும் பேசிக்கொள்ளாது. இதற்குக் கேபிளை மாற்றிப் பயனில்லை. ரெக்கார்டரின் முகவரியையும் கேட்வேயையும் புதிய வரிசைக்கு மாற்ற வேண்டும்.

முகவரியை மாற்றிவிட்டு கேட்வேயை மறந்துவிடுவோரும் உண்டு. அப்போது வீட்டு வைஃபையில் எல்லாம் அருமையாகத் தெரியும், வெளியே போனதும் எதுவும் வராது. டிஎன்எஸ் பெட்டி காலியாக இருந்தாலோ, அதில் தவறான எண் இருந்தாலோ இதே அறிகுறிதான். ரெக்கார்டரால் கிளவுட் சர்வரின் பெயரை முகவரியாக மாற்ற முடியாததால் பி2பி (கிளவுட் சர்வர் வழியே ஆப்பை ரெக்கார்டரோடு இணைக்கும் வசதி) நிலை ‘ஆஃப்லைன்’ என்றே நிற்கும். முதல் டிஎன்எஸ்ஸாக ரவுட்டரின் முகவரியையும் இரண்டாவதாக 8.8.8.8-ஐயும் கொடுத்துப் பாருங்கள்.

கண்டுபிடிக்கக் கடினமானது முகவரி மோதல். ரவுட்டர் 192.168.1.2 முதல் 192.168.1.254 வரை தானாகவே எல்லோருக்கும் பங்கு போடுகிறது. நாம் ரெக்கார்டருக்கு அதற்குள்ளேயே 108-ஐ நிலையாகக் கொடுத்திருக்கிறோம். என்றோ ஒரு நாள் ரவுட்டர் அதே 108-ஐ யாரோ ஒருவரின் போனுக்குக் கொடுத்துவிடும். அந்தப் போன் வீட்டில் இருக்கும்போது கேமரா வராது, வெளியே போனதும் வந்துவிடும். ‘சில நேரம் வருது, சில நேரம் வரல’ என்ற புகாரைக் கேட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். சோதிக்க எளிய வழி உண்டு. ரெக்கார்டரின் லேன் கேபிளைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பிலிருந்து அதே முகவரிக்கு பிங் (அங்கே கருவி இருக்கிறதா என்று கேட்கும் கட்டளை) கொடுங்கள். கழற்றிய பிறகும் பதில் வந்தால் அந்த எண்ணில் வேறொரு கருவி உட்கார்ந்திருக்கிறது. சில கருவிகள் பிங்குக்குப் பதில் தராது என்பதால், பதில் வராவிட்டாலும் ரவுட்டரில் இணைந்த கருவிகளின் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள்.

இதற்கு நிரந்தரத் தீர்வு, ரவுட்டரில் ரெக்கார்டரின் மேக் முகவரிக்கு (கருவியிலேயே பதிந்த தனி அடையாள எண்) ஒரு ஐபியை ஒதுக்கி வைப்பது. அல்லது ரவுட்டர் பங்கிடும் வரம்பை 100 முதல் 199 வரை என்று சுருக்கிவிட்டு ரெக்கார்டருக்கு 192.168.1.20 போல வரம்புக்கு வெளியே ஒன்றைக் கொடுங்கள். ‘தானாகவே எடுத்துக்கொள்ளட்டும்’ என்று விட்டுவிட்டால் பி2பி ஆப்புக்குப் பிரச்சினையில்லை. ஆனால் ஐபி கொடுத்துப் பார்ப்பவர்களுக்கு மின்சாரம் போய் வந்ததும் முகவரி மாறிப்போக வாய்ப்புண்டு.

என்விஆரின் பின்பக்கம்

பிஓஇ (லேன் கேபிள் வழியே மின்சாரமும் தரும் வசதி) உள்ள என்விஆரில் (ஐபி கேமராக்களுக்கான ரெக்கார்டர்) ஒரே மாதிரி ஓட்டைகள் வரிசையாக இருக்கும். அவற்றில் ‘லேன்’ என்று எழுதியது மட்டும்தான் ரவுட்டருக்கு, மற்றவை கேமராக்களுக்கு. ரவுட்டர் கேபிளை பிஓஇ போர்ட்டில் செருகினால் லைட் எரியும், இணையம் வராது. அந்த போர்ட்டுகள் பெரும்பாலும் என்விஆருக்குள்ளேயே இருக்கும் தனி நெட்வொர்க்கைச் சேர்ந்தவை. அதனால்தான் அங்கே மாட்டிய கேமராவை வைஃபையில் இருக்கும் லேப்டாப்பால் நேரடியாகத் தேடிப் பிடிக்க முடிவதில்லை. அதைக் கோளாறு என்று நினைத்து கேமராவை ரீசெட் செய்யாதீர்கள். இந்த உள் நெட்வொர்க்கும் வீட்டு நெட்வொர்க்கும் ஒரே எண் வரிசையில் இருக்கக் கூடாது. இருந்தால் என்விஆருக்குத் திசை தெரியாமல் போய், கேமராக்கள் ஒவ்வொன்றாக விழும்.

கேபிள்: டெஸ்டர் பச்சை காட்டினால் போதாது

கனெக்டர் அடிக்கும்போது இரண்டு முனையிலும் நிறங்கள் ஒரே வரிசையில் இருந்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண டெஸ்டரும் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக எரிந்து ‘சரி’ என்றே சொல்லும். ஆனால் கேபிளுக்குள் கம்பிகள் இரண்டிரண்டாகப் பின்னியிருப்பது இரைச்சலைத் தடுக்கத்தான். 3-வது, 6-வது பின்கள் ஒரே பின்னலின் இரு கம்பிகளாக இருக்க வேண்டும். நிறங்களை ஜோடி ஜோடியாக அப்படியே வரிசையில் அடுக்கினால் 3-க்கு ஒரு ஜோடியும் 6-க்கு வேறொரு ஜோடியும் போய்விடும். இரண்டு மீட்டர் கேபிளில் இது வெளியே தெரியாமல் போகலாம். நாற்பது மீட்டரில் படம் உறையும், இணைப்பு 10 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கும், அல்லது அடிக்கடி அறுபடும். டி568பி என்ற நிற வரிசையை இரண்டு முனையிலும் பின்பற்றுங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடிக்கு நடுவே நீல ஜோடி உட்காருவதைக் கவனியுங்கள். இந்த இடத்தில்தான் கை தவறுகிறது.

அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளை பிஓஇ-க்குப் போடாதீர்கள். அதன் மின்தடை அதிகம், தூரம் கூடக்கூட மின்னழுத்தம் சரியும். முழுச் செம்புக் கேபிளுக்கும் எல்லை 100 மீட்டர்; அதற்கு மேல் என்றால் நடுவில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் வேண்டும்.

‘பகலில் ஓடுகிறது, இருட்டினால் கேமரா அறுந்துவிடுகிறது’ என்றால் ஐபியைத் தோண்டாதீர்கள். இரவில் அகச்சிவப்பு எல்இடிகள் எரியத் தொடங்கியதும் கேமரா இழுக்கும் மின்சாரம் கூடும். எட்டு போர்ட் பிஓஇ ஸ்விட்சின் மொத்தத் திறன் 60 வாட் என்று வைத்துக்கொள்வோம். பகலில் எட்டு கேமராக்களுக்கும் 5 வாட் வீதம் 40, சிக்கலில்லை. இரவில் 9 வாட் வீதம் 72 ஆகிவிடும். ஸ்விட்ச் ஒன்றிரண்டு போர்ட்டுகளை அணைத்துவிடும். ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்குவதால் வரும் வினை இது. மொத்தத் திறனையும் பார்க்க வேண்டும்.

பாஸ்வேர்ட் பூட்டு

ஒரு கேமராவின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு ரெக்கார்டரில் மாற்ற மறந்தால், ரெக்கார்டர் பழைய பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு கேமரா தன்னைப் பூட்டிக்கொள்ளும். பிறகு சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் ஏற்காது. ரெக்கார்டரில் அந்த சேனலை நீக்கிவிட்டு, கேமராவை ஒருமுறை அணைத்துப் போட்டு, அதன் பிறகு புதிய பாஸ்வேர்டோடு சேருங்கள். வேறு நிறுவனத்தின் கேமராவை ஓஎன்விஐஎஃப் (பல நிறுவனக் கருவிகளுக்கும் பொதுவான இணைப்பு முறை) வழியாகச் சேர்க்கும்போது, பல கேமராக்களில் அதற்கெனத் தனிப் பயனர் கணக்கு உருவாக்க வேண்டியிருக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பதில்

போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் அழைப்பை ரெக்கார்டருக்குத் திருப்ப ரவுட்டரில் போர்ட் என்ற எண்வழியைத் திறப்பது) செய்தும் வேலை செய்யவில்லை என்று மணிக்கணக்கில் போராடும் முன், ரவுட்டரின் வான் முகவரியை (அதன் இணையப் பக்கத்து முகவரி) பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று அர்த்தம். 10 அல்லது 192.168 என்று தொடங்கினாலும் உங்களுக்கு மேலே இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. அந்த நிலையில் உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்களை எட்டாது. பி2பி-யைப் பயன்படுத்துங்கள், அல்லது நிலையான பொது முகவரி கேட்டு வாங்குங்கள்.

வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே சொந்தப் பொது முகவரியை அடித்துச் சோதிப்பதும் ஏமாற்றும். பல ரவுட்டர்கள் உள்ளிருந்து வெளியே போய்த் திரும்பி வரும் இந்தப் பாதையை அனுமதிப்பதில்லை. மொபைல் டேட்டாவில்தான் சோதிக்க வேண்டும்.

எதுவும் சரிவரவில்லை என்று ரெக்கார்டரை டிஎம்இசட்-இல் (ரவுட்டரின் பாதுகாப்புக்கு வெளியே ஒரு கருவியை விடும் அமைப்பு) போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அதன் எல்லா போர்ட்டுகளும் உலகத்துக்கே திறந்துவிடும். 2016-இல் மிராய் என்ற தீம்பொருள், தொழிற்சாலை பாஸ்வேர்டே மாற்றப்படாத கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடிப் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையத் தாக்குதல்களை நடத்தியது. வலுவான பாஸ்வேர்ட் வைத்தாலும் ஃபர்ம்வேரில் (கருவிக்குள் இயங்கும் மென்பொருள்) ஓட்டை இருந்தால் பயனில்லை. பி2பி பிடிக்கவில்லையென்றால் ரவுட்டரில் விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் மறைகுறியிட்ட பாதை) அமைத்து அதன் வழியே பாருங்கள். கருவிகள் தாமாகவே ரவுட்டரில் போர்ட் திறந்துகொள்ளும் யுபிஎன்பி-யை அணைத்து வையுங்கள்.

ஆஃப்லைன் காட்டாமல் படம் சுற்றிக்கொண்டே இருந்தால் அது வேகக் கணக்கு. வெளியிலிருந்து பார்க்கும்போது செலவாவது உங்கள் இணைப்பின் அப்லோட், டவுன்லோட் அல்ல. 4 எம்பிபிஎஸ் வீதம் எட்டு கேமராக்களை ஒரே திரையில் திறந்தால் 32 எம்பிபிஎஸ் வேண்டும். அப்லோட் 10 எம்பிபிஎஸ் என்றால் எப்படிப் போகும்? கட்டம் கட்டமாகப் பார்க்கும்போது சப் ஸ்ட்ரீமை (கேமரா கூடவே அனுப்பும் குறைந்த தரப் படம்) 512 கேபிபிஎஸ்ஸில் வையுங்கள், எட்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 4 எம்பிபிஎஸ்ஸில் முடிந்துவிடும். என்விஆருக்கும் உள்வரும் வேகத்துக்கு வரம்பு உண்டு. 40 எம்பிபிஎஸ் வரம்புள்ள கருவியில் 8 எம்பிபிஎஸ் வீதம் ஐந்து கேமராக்களிலேயே இடம் நிறைந்துவிடும், ஆறாவதைச் சேர்த்தால் படம் வராது. கேமரா கெட்டுப்போனதாக நினைத்து மாற்றுவதற்கு முன் பிட்ரேட்டை (கேமரா அனுப்பும் டேட்டா வேகம்) குறைத்துப் பாருங்கள், அல்லது படத்தை இன்னும் சுருக்கும் எச்.265 முறைக்கு மாற்றுங்கள்.

ரெக்கார்டரின் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ் சரிபார்ப்பில் கிளவுட் இணைப்பு நிராகரிக்கப்படலாம். பதிவுகளைத் தேதி வைத்துத் தேடவும் முடியாது. பேட்டரியை மாற்றி, இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி-யை இயக்கி, நேர மண்டலத்தைச் சரிபாருங்கள்.

ஃபர்ம்வேர் ஏற்றுவதைக் கடைசிக்கு வையுங்கள். மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் வன்பொருள் பதிப்பு வேறாக இருக்கலாம், தவறான கோப்பு ஏறினால் கருவி எழுந்திருக்காமலே போகலாம். தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து, லேபிளில் உள்ள முழு மாடல் எண்ணுக்கு உரியதை மட்டும் எடுங்கள். யுபிஎஸ் இணைப்பில் வைத்து ஏற்றுங்கள். பாதியில் நின்றதுபோலத் தோன்றினாலும் அது தானாக மறுதொடக்கம் ஆகும்வரை பவரை எடுக்காதீர்கள்.