உழவர் நிறுவனங்களுக்கு ஆலோசகராகப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தொண்டு நிறுவனங்களுக்கும், உழவர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து பதிவு செய்த கம்பெனிகளான உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் ஆலோசனை சொல்வது இன்று முழுநேரத் தொழிலாகிவிட்டது. சமூகப்பணியும் மேலாண்மையும் படித்த இளைஞர்கள் ஆர்வத்தோடு வருகிறார்கள். யாருக்காக வேலை செய்கிறோம் என்ற குழப்பம்தான் அவர்களுடைய பெரும்பாலான தவறுகளுக்கு வேர். கட்டணம் தருபவர் நகரத்தில் இருக்கும் நிதியாளர். பலனோ பாதிப்போ ஊராருக்கு. அறிக்கை முதலாமவருக்குப் பிடித்தால் போதும் என்று நினைத்துவிட்டால் மற்றதெல்லாம் சறுக்கும்.

நிலக்கடலை விளையும் பகுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். திட்ட அறிக்கையில் எண்ணெய்ச் செக்கு, பாட்டில், லேபிள், இணைய விற்பனை எல்லாம் இருக்கும். உறுப்பினர்களோ கடலையை உள்ளூர் வியாபாரியிடமே போடுகிறார்கள். ஏன்? விதைப்பின்போது முன்பணம் கொடுத்தவர் அவர். களத்துமேட்டிலேயே எடை போட்டு ரொக்கம் எண்ணிக் கொடுப்பவரும் அவர். நிறுவனமோ, ‘சரக்கு விற்றதும் பணம் வரும்’ என்கிறது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டியவர் எங்கே போவார்? இங்கே தேவை கொள்முதலுக்கான நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு விற்கும் முன்பே உறுப்பினருக்குக் கொடுக்கக் கையில் இருக்கவேண்டிய பணம். அதைக் கேட்டறியாமல் வாங்கிய செக்கு தார்ப்பாய்க்குள் தூங்கும். வியாபாரியை வில்லனாக வரைந்துவிட்டுப் போவது ஆலோசகர்களின் தீராத வியாதி. அவர் தரும் சேவையைப் பட்டியலிட்டுப் பார்த்தால் பாதித் திட்டம் அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்தது, மானியத்தை வருமானமாக எண்ணிக் கணக்குப் போடுவது. ஒன்றிய அரசு 2020இல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், ஓர் அமைப்புக்கு மூன்றாண்டு நிர்வாகச் செலவுக்காக அதிகபட்சம் 18 லட்சம் ரூபாய் என்று வகுக்கப்பட்டது. நான்காம் ஆண்டில் தலைமைச் செயல் அலுவலருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதற்கு முதல் ஆண்டிலேயே விடை வேண்டும். நான் பார்க்கும் திட்டங்களில் பெரும்பாலும் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.

சட்டத்தை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விடுவதும் ஆபத்து. ஆண்டுக் கணக்கையும் ஆண்டறிக்கையையும் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யத் தாமதமானால், படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகளுக்குத் தாக்கல் செய்யாவிட்டால், இயக்குநர்கள் ஐந்தாண்டுகளுக்குத் தகுதியிழப்பார்கள். ஊர் நலனுக்காகக் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்ட விவசாயிக்கு இதைவிட அநியாயம் உண்டா?

வெளிநாட்டு நிதி பெறும் தொண்டு நிறுவனம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அந்த நிதியை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. ‘நாம் வாங்கிச் சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்து தரலாம்’ என்ற பழைய வழி அடைபட்டுவிட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. தொழில்முறை ஆலோசனைக் கட்டணமும் அந்த வரம்புக்குள்தான் வரும். உங்கள் கட்டணத்தைச் சொல்லும் முன் அவர்களுடைய செலவுக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

கட்டணம் என்றதும் இன்னொன்று. வாங்கித் தரும் நிதியில் இத்தனை சதவீதம் என்று பேசாதீர்கள். அப்படிப் பேசியவர், தேவையற்ற நிதியை வேண்டாம் என்று சொல்லவே மாட்டார். சேவை என்ற பெயரில் இலவசமாக உழைப்பதும் வேண்டாம். இலவச ஆலோசனையை இயக்குநர் குழு கூட்டப் பொருளில்கூடச் சேர்ப்பதில்லை.

தலைவர் வீட்டுத் திண்ணையில் மட்டும் பேசிவிட்டுத் திரும்புகிறவர்களும் உண்டு. பொதுக்குழுவில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம், போன முறை சரக்குக்குப் பணம் எப்போது வந்தது என்று கேளுங்கள். தலைவர் சொல்லாத கணக்கு அங்கே வரும்.

கடைசியாக, இயக்குநர்களின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களை (இணையவழிப் படிவங்களில் கையெழுத்திடப் பயன்படும் சிறு கருவிகளை) உங்கள் மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ‘வசதிக்காக’ என்றுதான் தொடங்கும். பிறகு உங்களைக் கேட்காமல் ஒரு படிவமும் நகராது. தாக்கல் வேலையை ஊர்க் கணக்காளர் எந்த மாதத்திலிருந்து தானே செய்வார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, டோக்கன்களை அந்தந்த இயக்குநரிடமே ஒப்படைத்துவிடுங்கள்.